யோகனுக்கு: காரை இறக்குவதற்கு முன்

ஹட்டன்

அன்பின் யோகனுக்கு,

நலம், உன் நலமும் வீட்டாரின் நலமும் அறிய ஆவல். உன் கடிதத்தில் முக்கால்வாசி கார்தான். மனைவி, பிள்ளைகள், நுவரெலியாவில் புதிய உத்தியோகம் எல்லாம் கடைசிப் பந்தியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற ஒரு வரிக்காக உன்னை மன்னிக்கிறேன். பொகவந்தலாவைக்குப் போகும்போது நான் விசாரித்ததாகச் சொல்.

இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதனால் வீட்டில் தொலைக்காட்சிக்கு ஊரடங்கு. நான் பகலில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலையில் தம்பியின் கராஜில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டு திரும்புகிறேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. சவர்க்காரச் செலவு கூடுகிறதாம்.

சரி, உன் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். கொயில்ஓவர், அதாவது உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் அதன் துள்ளலை அடக்கும் ஷொக்கும் சேர்ந்த செட், வாங்கலாமா, எதை வாங்கலாம், காரின் உயரத்தை எவ்வளவு இறக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: இறக்காதே. ஆசை அடங்கவில்லையென்றால் 20 மி.மீ.; அதற்கு மேல் வேண்டாம். வத்தளையில் இருந்தபோது கேட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இப்போது நீ போய்வரும் பாதை எது? நானுஓயா, லிந்துலை, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன், நோர்வூட், அங்கிருந்து பொகவந்தலாவை. மழைக்குப் பிறகு தாழிறங்கிய தார், அதன் மேல் அவசரத்துக்குப் போட்ட ஒட்டு, எதிரே வரும் கொழுந்து லொறிக்கு இடம்விட ஒதுங்கினால் ஓரத்துக் கான். தோட்டத்துக்குள் நுழைந்தால் கல் பாதை. இந்தப் பாதையில் காருக்கு வேண்டியது சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம். இறக்கும்போது முதலில் பறிபோவது அந்த இடம்தான்.

கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் கணக்கு வராமல் இருக்குமா? உன் கார் 970 கிலோ. அதில் அறுபது வீதத்துக்கு மேல் முன்சக்கரங்களின் மீது இருக்கிறது. ஆக, ஒவ்வொரு முன்சக்கரமும் சுமார் 300 கிலோ தாங்குகிறது. ஒரு மில்லிமீற்றர் அமுங்க 3 கிலோ கேட்கும் ஸ்பிரிங் என்றால் அந்தச் சுமையில் 100 மி.மீ. அமுங்கி நிற்கும். 6 கிலோ கேட்கும் ஸ்பிரிங் 50 மி.மீ.தான் அமுங்கும். குழி வரும்போது சக்கரம் கீழிறங்கித் தரையைத் தொட வேண்டுமே, அதற்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ அவ்வளவுதான். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிப் பூட்டினால் அதிலும் குறையும். விறைப்பான ஸ்பிரிங் போட்ட கார் நம் பாதையில் துள்ளுவதற்குக் காரணம் இதுதான்: சக்கரம் குழிக்குள் இறங்க முடியாமல் அந்தரத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் நீ வளைவில் இருந்தால், பிடிமானம் என்று ஒன்று இல்லை.

இன்னொன்று உண்டு. இதைக் கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். உன் காரின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் அமைப்பு: மேலே ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒரே தூணாக நிற்கும், கீழே லோவர் ஆர்ம் என்ற கை சக்கரத்தைப் பிடித்திருக்கும். அந்த லோவர் ஆர்ம் காரின் உட்பக்கத்திலிருந்து சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழே சரிந்து இருப்பதுதான் நல்லது. காரை அதிகமாக இறக்கினால் அது மட்டத்தைத் தாண்டி மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது கார் எந்த மையத்தைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம், காரின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூட, சாய்க்கும் விசையும் கூடும். பார்ப்பதற்குத் தாழ்ந்த கார். வளைவில் முன்பை விட அதிகம் சாயப் பார்க்கும் கார். அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங், அதை அடக்க இன்னும் விறைப்பான ஷொக். பணம் போகும் வழி தெரிகிறதா?

ஆனாலும் உனக்குப் புதிய ஷொக் தேவை என்பதில் சந்தேகமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிற்பதற்கு முன் வந்து இறங்கிய கார்; தொழிற்சாலையில் பூட்டிய மொன்ரோ ஷொக்குகளே இன்னும் இருக்கின்றன என்கிறாய். அடுத்த முறை கையோடு ஒரு டோர்ச் எடுத்துப் பார். ஷொக் தண்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா? உடல் முழுக்க எண்ணெயும் புழுதியும் கலந்து கறுப்புப் பசையாகப் படிந்திருக்கிறதா? பிறகு டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் சுற்றிலும் தடவு. மேடும் பள்ளமுமாகக் கையில் தட்டுப்பட்டால் ஷொக் வேலையை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது என்று அர்த்தம். எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்னும்போது, நல்ல கம்பனியின் மலிவான கொயில்ஓவர் ஒன்றை யோசிப்பதில் தவறில்லை. உயரத்தை மாற்றும் வசதியை, இறக்குவதற்காக இல்லாமல், நான்கு மூலையையும் சரியாக நிறுத்துவதற்கு வைத்துக்கொள்.

இப்போது எது என்ற கேள்வி. நீ எழுதிய பட்டியலில் பெயர் தெரியாத செட் ஒன்றும் இருந்தது. அதை அடித்துவிடு. டிக்கோயாவில் ஒருவர் அந்த மாதிரி ஒன்றை இணையத்தில் வரவழைத்தார். முதல் மழைக்காலத்திலேயே உயரம் மாற்றும் பூட்டு வளையங்கள் துருவேறி உடலோடு ஒட்டிக்கொண்டன. ஒரு ஷொக் எண்ணெய் கசிந்தபோது, ஒற்றை ஷொக் தனியாகக் கிடைக்காது, முழு செட்டையும் வாங்குங்கள் என்று பதில் வந்தது. மலிவுப் பொருளை எடைபோட எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்: நாளை ஒன்று பழுதானால் அந்த ஒன்றை மட்டும் வாங்க முடியுமா?

மிச்சம் இருப்பவை டெய்னும் பிசி ரேசிங்கும். டெய்ன் 1985இல் யொக்கஹாமாவில் தொடங்கிய ஜப்பானியக் கம்பனி. பிசி ரேசிங் தாய்வான். பிசியின் பிஆர் வகை ஒற்றைக் குழாய் ஷொக். விறைப்பை 30 படிகளில் திருகி மாற்றலாம், பிரித்துப் பழுதுபார்க்கலாம், ஸ்பிரிங் விறைப்பைச் சொல்லிச் செய்விக்கவும் முடியும். ஒற்றைக் குழாயில் சூடு விரைவாக வெளியேறும், அதனால் போட்டிப் பாதையில் அதற்கு மரியாதை உண்டு. ஆனால் உள்ளே வாயு அழுத்தம் அதிகம். சின்னச் சின்ன அதிர்வுகளையும் உடலுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். டெய்னின் ஸ்ட்ரீட் அட்வான்ஸ் இசட், ஃபிளெக்ஸ் இசட் இரண்டும் இரட்டைக் குழாய், 16 படி. அடைக்கப்பட்ட ஷொக் என்பதால் பிரித்துத் திருத்த முடியாது. பழுதானால் அந்த ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிப் போட வேண்டியதுதான். முப்பது படி, பதினாறு படி என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதே. ஒற்றைத் திருகி உள்ள ஷொக்கில் அது பெரும்பாலும் அமுங்கிய ஸ்பிரிங் விரியும் வேகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதை இறுக்கினால் கார் கெட்டியாகத் தோன்றும். அடுத்தடுத்து மேடுகள் வரும் இடத்தில் மட்டும், சக்கரம் விரிய நேரமில்லாமல் கார் படிப்படியாக அமுங்கி, கடைசியில் அடி ரப்பரில் உட்கார்ந்துவிடும். பாதி இறுக்கத்துக்கு மேல் நீ போகத் தேவையிருக்காது.

என் தெரிவு ஸ்ட்ரீட் அட்வான்ஸ் இசட். ஃபிளெக்ஸ் இசட்டில் ஷொக்கின் அடிப்பகுதியே திருகி மேலும் கீழும் போகும். உயரத்தை மாற்றினாலும் ஷொக் மேலும் கீழும் போய்வரும் ஓட்டம் குறையாது. பெரிதாக இறக்குகிறவனுக்கு அது தேவை. 20 மி.மீ.யோடு நிற்பவனுக்கு ஸ்பிரிங் உட்காரும் தட்டை மட்டும் நகர்த்துவது போதும். அதோடு ஸ்ட்ரீட் அட்வான்ஸில், ஷொக்கின் தலையைக் காரின் உடலோடு பிணைக்கும் மேல்மவுன்டாக, காரோடு வந்த பழைய ரப்பர் மவுன்டையே பாவிக்கலாம். அதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். உலோகக் குண்டு வைத்த மவுன்ட் ஸ்டியரிங்குக்குக் கூர்மை கொடுக்கும், கேம்பரும் (சக்கரத்தின் உள், வெளிச் சாய்வு) மாற்றலாம். ஆனால் நம் மழைக்கும் சேற்றுக்கும் அது தேய்ந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் ‘டொக் டொக்’ என்று பேசத் தொடங்கும். உன் மனைவி பின் இருக்கையிலிருந்து என்ன பேசுவார் என்பதையும் சேர்த்துக்கொள். பழைய ரப்பர் வெடித்திருந்தால் புதிதாக வாங்கிவிடு. ஷொக்கைக் கழற்றிய கையோடு மாற்றினால் கூலி மிச்சம்.

பின்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உன் காரின் பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முறுக்குச் சட்டம். ஸ்பிரிங் ஒரு இடத்தில், ஷொக் வேறு இடத்தில். ஆகவே பெட்டியில் கொயில்ஓவர் என்று அச்சிட்டிருந்தாலும் பின்னால் வருவது தனி ஸ்பிரிங், அதை உயர்த்தும் திருகு, தனி ஷொக். இதில் குறையில்லை. கவனிக்க வேண்டியது பின் ஸ்பிரிங்கின் விறைப்பு. முன்சக்கர இழுவைக் கார் வளைவில் வெளியே தள்ளிக்கொண்டு போகும் குணத்தைக் குறைக்கச் சிலர் பின்பக்கத்தை விறைப்பாக்குவார்கள். வறண்ட போட்டிப் பாதையில் அது இனிக்கும். டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கம் மழையில் இறங்கும்போது வளைவின் நடுவில் பயந்து எக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டாயானால், பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் காருக்கு அந்த விளையாட்டு வேண்டாம். விற்பவரிடம் முன், பின் ஸ்பிரிங் எண்களைக் கேள். எண் தெரியாது என்று சொல்பவரிடம் வாங்காதே.

இன்னும் ஒன்றைக் கேள்: ஆக உயரமான நிலையில் வைத்தால் கம்பனி உயரத்திலிருந்து எவ்வளவு இறங்கும்? சில செட்டுகள் எவ்வளவு உயர்த்தினாலும் 30 மி.மீ. கீழேதான் நிற்கும். அப்படியானால் நாம் பேசியதெல்லாம் வீண்.

பூட்டும் வேலையை இங்கே தம்பியிடம் கொண்டுவா. ஸ்பிரிங் அமுக்கும் கருவி நழுவினால் ஆளையே கொல்லும். வீட்டு முற்றத்தில் முயல வேண்டாம். கொழும்பில் பூட்டுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பார். லோவர் ஆர்ம் புஷ்களையும் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளைகள்) பின் ஷொக்கின் அடிப் புஷ்ஷையும் காரை ஜக்கில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதே கடைசி இறுக்கு இறுக்கிவிடுவார்கள். கீழே இறக்கியதும் அந்த ரப்பர் முறுகிய நிலையிலேயே வாழ வேண்டியிருக்கும். சீக்கிரம் கிழியும், காரும் தன் உயரத்தில் நிற்காது. தம்பி காரைப் பலகைகள் மீது நான்கு சக்கரத்திலும் நிறுத்தி, இரண்டு முறை ஆட்டிவிட்டு, பிறகு படுத்துக்கொண்டே உள்ளே நுழைந்து இறுக்குவான். நேரம் எடுக்கும். கூலியில் அதையும் சேர்ப்பான், சொல்லிவிட்டேன்.

பூட்டிய பிறகு திருகுப் பள்ளங்களைத் தூரிகையால் சுத்தம் செய்து கிரீஸ் பூசி வை. எலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது, உடனே ஒரு முறை, சில நூறு கிலோமீற்றர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பின் இன்னொரு முறை. ஹெட்லைட்டையும் சரிபார்க்கச் சொல். முன்பக்கத்தை விடப் பின்பக்கம் தாழ்ந்துவிட்டால் வெளிச்சம் மேலே எழும்பி, நானுஓயாப் பனியில் உன் கண்ணுக்கே திரும்பி வரும். காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துவிடு.

காசு பற்றாது என்றால் வரிசை இதுதான்: முதலில் டயர், பிறகு சாதாரணப் புதிய ஷொக், அதற்குப் பிறகுதான் கொயில்ஓவர். உன் 195/45 17 அங்குல டயருக்குப் பக்கச் சுவர் 88 மி.மீ.தான். 195/50 16 அங்குலத்துக்கு மாறினால் ஏறத்தாழ 98 மி.மீ. கிடைக்கும், மொத்த விட்டத்தில் ஒரு வீதம்தான் வித்தியாசம். அந்த 10 மி.மீ. காற்று, எந்தத் திருகியையும் விட உன் முதுகுக்கு நல்லது செய்யும். 16 அங்குல ரிம் பிரேக் கலிப்பரில் உரசாமல் நிற்கிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு வாங்கு. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த ரிம் தேடலாம். பாவித்த ஷொக் மட்டும் அங்கே வாங்காதே. வெளியே வண்ணம் பூசியிருப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஏப்ரலில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு மூத்தவளின் பரீட்சைக் கவலை விட்டால் குடும்பத்தோடு வருவோம். உன் வீட்டில் ஓர் அறையும் சுடுநீரும் தயாராக வை. நுவரெலியாக் குளிரில் கட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சுடுநீர் வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் பெட்டியில் இருக்கும் பாக இலக்கத்தையும் உன் காரின் செசி இலக்கத்தையும் எனக்கு அனுப்பு. பொருந்துகிறதா என்று தம்பி பார்த்துச் சொல்வான். அம்மாவுக்கு ஆறு வாரமாவது புகைபடாமல் கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல். அவர் விறகடுப்பை விடமாட்டார் என்று தெரியும், இருந்தாலும் சொல்.

அன்புடன்,
செல்வா