அளத்துத் தண்ணீர் சிவந்த கதை

தூத்துக்குடி
19.5.2024

அன்புள்ள பொன்மணி,

இங்கே எல்லோரும் நலம். அத்தானுக்கு முட்டு வலி எப்படி இருக்கிறது? அம்மா போன பிறகு நீ மூன்று தடவை போன் பண்ணினாய், நான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று பயம். கோபப்படாதே ஏட்டி. நேரில் வந்து இரண்டு அடி போட்டுக்கொள்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு கண்ணாடிக் குழாய். பேத்தி நுண்ணுயிரியல் படிக்கிறாள் இல்லையா, போன மாதம் அம்மா வேலை பார்த்த உப்பளத்துக்கே போய்த் தண்ணீர் எடுத்துவந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குவாளியோடு ஓடுவோமே, அந்தக் கடைசிப் பாத்தி. சித்திரை வெயிலில் செக்கச்செவேல் என்று நிற்குமே, அந்தத் தண்ணீர். நீ துரு என்பாய், நான் செம்மண் என்பேன், லூர்து டீச்சர் இரண்டு பேரையும் அதட்டுவார். நாம் இரண்டு பேருமே தப்பு. அந்தச் சிவப்பு முழுக்க உயிர்.

கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. பாத்தியில் உப்பு விளையும் பக்குவத்தில் 300 கிராமுக்கும் மேல். மீனைப் போட்டால் செத்துப்போகும், புல் முளைக்காது. அதற்குள் டூனாலியெல்லா என்று ஒரு பாசி நீந்துகிறது. நுண்ணோக்கியில் நானே பார்த்தேன். முட்டை வடிவம், இரண்டு வால், நம் கேரட்டில் இருக்கும் அதே நிறப்பொருள் உள்ளே நிறைந்து ஆரஞ்சாக மின்னுகிறது. உப்பு தன் உடம்புத் தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, அது தனக்குள் கிளிசரினைச் சேர்த்து வைத்துக்கொள்கிறதாம். ஆனால் அடர்ந்த சிவப்புக்குப் பெரும்பங்கு அதைவிடப் பொடியான இன்னொரு கூட்டத்துடையது. ஹாலோபாக்டீரியம் வகையறா. பெயரில்தான் பாக்டீரியா, உண்மையில் இவை ஆர்க்கியா என்ற தனி வம்சம். கார்ல் வோஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1977இல் பிரித்துக் காட்டியது. இவை பாசி மாதிரி தந்திரம் எதுவும் செய்வதில்லை. வெளியே எவ்வளவு உப்போ, கிட்டத்தட்ட அவ்வளவு பொட்டாசியம் உப்பை உள்ளேயும் ஏற்றிக்கொண்டு நிற்கின்றன. உடம்பின் ஒவ்வொரு புரதமும் உப்புக்கென்றே செய்தது. இதில் சதுர வடிவத்தில்கூட ஒன்று உண்டு, 1980இல் சினாயில் ஒரு உப்புக் குட்டையில் வால்ஸ்பி என்பவர் பார்த்தாராம். தபால்தலை மாதிரி தட்டையாக, நாலு மூலையோடு!

குழாய் கதைக்கு வருகிறேன். அந்தச் சிவப்புக் கூட்டத்தைத் தனியாக வளர்த்து இரண்டு குழாயில் ஊற்றி வைத்திருந்தாள். தக்காளி ரசம் மாதிரி கலங்கலாக இருந்தது. "ஆச்சி, இதுல நல்ல தண்ணி ஊத்துங்க" என்றாள். ஊற்றினேன். கலங்கல் போய்த் தெளிந்துவிட்டது. குச்சியால் தொட்டுத் தூக்கினால் வெண்டைக்காய்ப் பிசின் மாதிரி நூல் இழுக்கிறது. எல்லாம் வெடித்து, உள்ளே இருந்த டிஎன்ஏ வெளியே வந்துவிட்டதாம். உப்பு இருந்தால்தான் அவற்றின் மேலோடே நிற்கும். நாம் குடிக்கிற தண்ணீர் அவற்றுக்கு விஷம் ஏட்டி. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

உடனே டிசம்பர் மழைதான் ஞாபகம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளமெல்லாம் ஏரியாகக் கிடந்தது, குவித்து வைத்த அம்பாரம் கரைந்து ஓடியது. அம்மா கட்டிலில் படுத்தபடியே "பாத்தி என்னாச்சு, பாத்தி என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் தெரியாமல் போய்ப் பத்து வருஷம். வெள்ளை உப்பின் மேல் பட்டுத் தெறிக்கிற வெயிலை நாற்பது வருஷம் பார்த்த கண். அவள் பாதம் உனக்கு ஞாபகம் இருக்கும், வெடிப்பில் தீக்குச்சி நுழையும். உப்புக்கென்று செய்த உடம்பு அந்தப் பொடி உயிர்களுக்குத்தான், அம்மாவுக்கு இல்லை. கண்ணாடி, செருப்பு கேட்டதற்கு அந்தக் காலத்து முதலாளி என்ன சொன்னார் என்று உனக்கும் தெரியும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அத்தனையும் வெடித்துச் செத்திருந்தால் ஏப்ரலில் மறுபடி சிவப்பு எங்கிருந்து வந்தது என்று பேத்தியைக் கேட்டேன். கல் உப்பு உறையும்போது உள்ளே பொடிப்பொடியாக நீர்க்குமிழி மாட்டிக்கொள்ளும், அதற்குள் சில உயிர்கள் சிக்கி, அப்படியே காத்துக் கிடக்கும் என்றாள். உன் வீட்டு உப்பு ஜாடியிலும் இருக்கலாம். சண்முகத்தாய் மயினியின் கருவாட்டில் ரோஸ் நிறம் ஏறுமே, அதுவும் இவைதான். மயினி என்ன செய்வாள்? இன்னும் இரண்டு பிடி உப்பை அள்ளித் தேய்ப்பாள். விருந்து வைத்திருக்கிறாள்!

இன்னொன்று. "தண்ணி சிவந்துட்டு, இனி உப்பு விளையும்" என்று அம்மா சொல்வாளே. சிவப்பு வெயிலை அதிகமாக வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும், அதனால் சீக்கிரம் வற்றும் என்று பேத்தியின் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. படித்ததும் சொல்ல ஓடினேன். கட்டில் காலியாக இருந்தது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இத்துடன் கொஞ்சம் கல் உப்பு அனுப்பியிருக்கிறேன், அந்தப் பாத்தியில் எடுத்தது. சமைத்துவிடாதே. பெரிய கல்லாக ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்து, அத்தானின் லென்ஸ் வைத்துப் பார். குமிழி தெரிந்தால் போன் பண்ணு. இந்தத் தடவை எடுப்பேன்.

அப்புறம், ஜூலைக்குள் ஒரு நடை வா. பாத்தி சிவப்பாக இருக்கும்போதே பார்த்துவிடலாம்.

உன்
சந்திரா