உற்பத்தி நிறுத்திய ஜீப்புக்கு அளவுப் பட்டியலாவது கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டிகளை உடைக்கக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதுரையிலும் கோவையிலும் ஓடும் கார்களுக்கு அது பொருந்தலாம். போடிமெட்டைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவரிடம் சொன்னால், "சரிங்க, காய் மூட்டைய யார் தலையில ஏத்துறது?" என்றுதான் கேட்பார். தார் ரோடு முடிந்து தோட்டத்துக்குள் இறங்கும் பாதை, ஆடி மழையில் பாதை மாதிரியே இருக்காது. அதில் காய் உலர்த்தும் ஸ்டோர் வரைக்கும் போய்த் திரும்புவது ஃபோர் வீல் போட்ட பழைய ஜீப்தான். புதிய ஃபோர் வீல் வண்டிகளும் வருகின்றன, நல்ல வண்டிகள்தான். ஆனால் நாலு ஏக்கர் தோட்டக்காரன் அந்த விலை கொடுத்து வாங்கி, அதன் பளபளப்பான கதவில் காப்பிக் கிளை உரச விடுவானா?

என்னிடம் இருப்பது மகேந்திரா எம்.எம். 540. தம்பியும் நானும் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டி அதன் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத வண்டி. பூட்டியதைக் கழற்றலாம், கழற்றியதைப் பூட்டலாம். எங்களுக்குப் பஞ்சம் பாகத்தில்தான். அதைவிடப் பெரிய பஞ்சம், எந்தப் பாகம் என்கிற தகவலில்.

காரணம் வண்டியின் பூர்வீகத்திலேயே இருக்கிறது. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே கொண்டுவந்து பூட்டி விற்றதில் தொடங்கிய வம்சம் இது. ஆக்ஸில், ஹப், சேசிஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவை, இஞ்ச் கணக்கு. உள்ளே இருக்கும் இன்ஜினோ பிரான்ஸ் நாட்டு பிஜோவின் வடிவம். எக்ஸ்.டி.பி. 4.90 என்பார்கள்; நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள் குறுக்களவு), 2,112 சி.சி. அது முழுக்க மில்லி கணக்கு. ஆகவே ஒரே வண்டிக்கு இரண்டு செட் ஸ்பேனர் வேண்டும். அரை இஞ்ச் ஸ்பேனர் போட வேண்டிய போல்ட்டில் 13 மில்லி ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும். பிறகு வெல்டிங்காரரைத் தேட வேண்டியதுதான். எங்கள் வண்டியில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். அது தெரியாமல் பஞ்சர் கடைப் பையன்கள் ஏறி மிதிப்பதைத் தடுப்பதே எனக்கு ஒரு வேலை.

இதே முகத்தோடு வந்த வேறு ஜீப்புகளில் 2,523 சி.சி. டி.ஐ. என்ற வேறு டீசல் இன்ஜின் இருக்கும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடைக்காரர் "என்ன வண்டி?" என்பார். "மகேந்திரா ஜீப்" என்றதும் ஒரு டப்பாவை எடுத்து வைப்பார். வீட்டுக்கு வந்து ஹெட் கேஸ்கெட்டை விரித்தால் ஓட்டைகள் ஒரு பக்கம், சிலிண்டர் ஒரு பக்கம். வண்டிப் பெயரைச் சொல்லிப் பாகம் கேட்கும் பழக்கம் இந்த ஜீப்புக்கு உதவாது.

எங்களுக்கு உதவியது எண்கள்தான். முன்சக்கர பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பார்த்தபோது உள்பாகத்தில் 18590, வெளி வளையத்தில் 18520 என்று பொறித்திருந்தது. ஜீப் பாகம் விற்கும் கடையில் "இப்ப வர்றதில்ல" என்று கையை விரித்தார்கள். தேனியில் மில், பம்ப்செட்டுக்கு பேரிங் விற்கும் கடையில் எண்ணைச் சொன்னதும் நல்ல கம்பெனி சரக்கை எடுத்து வைத்தார்கள். ஆயில் கசியாமல் அடைக்கும் ஆயில் சீலும் அப்படித்தான். எண் தேய்ந்திருந்தால் தண்டின் குறுக்களவு, அது உட்காரும் குழியின் குறுக்களவு, கனம் மூன்றையும் வெர்னியர் என்கிற நுண்ணளவுக் கருவியில் எடுத்துக்கொண்டு போனால் வேறு ஏதோ இயந்திரத்தின் சீல் கச்சிதமாக உட்காரும். ஸ்பேனருக்குச் செலவழிப்பவர்கள் ஒரு வெர்னியருக்கும் செலவழிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் இந்த வழி செல்லாது. பிரேக் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கிட் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு கடையில் வாங்கியதில் டப்பா மேல் ஜீப் படம் இருந்தது. பாக எண் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. மாட்டிய சில வாரத்தில், போடிக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் பெடல் மெல்ல மெல்லக் கீழே போனது. எங்கள் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்; ஒரு கப் கசிந்தாலும் மொத்தப் பிரேக்கும் போகும். முதல் கியரிலும் ஹேண்ட் பிரேக்கிலுமாக வண்டியை ஓரங்கட்டினோம். கழற்றிப் பார்த்தால் ரப்பர் ஊறிப் பிசுபிசுத்துக் கிடந்தது. பிரேக் ஆயிலைத் தாங்காத ரப்பர். இப்படிப்பட்ட சரக்கால் மலை ரோட்டில் விபத்து நடந்தால், மறுநாள் செய்தியில் "பழைய ஜீப்" என்றுதான் வரும். டப்பாவைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள். (அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதை நான் நியாயப்படுத்தவில்லை, அது வண்டியின் வயதோடு சம்பந்தமில்லாத குற்றம்.)

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் கியர், ஹவுசிங் கிடைக்கும். அங்கேயும் அளவு தெரியாமல் போனால் பேரம் மட்டும்தான் பேசலாம். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் ஜோடியாகச் சேர்த்து அரைத்து வருபவை. பினியனை மட்டும் தனியாக வாங்கி மாட்டினால் டிஃபரன்ஷியல் ஊளையிட்டே தேய்ந்துபோகும். புஷ், பின் போன்றவற்றைக் கம்பத்தில் லேத் வைத்திருப்பவர்கள் அழகாகக் கடைந்து தருகிறார்கள். கியர் வெட்டக் கோவையில் ஆள் உண்டு. அவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டிராயிங் இருக்கா?" தேய்ந்துபோன பல்லை அளந்து புதிய பல் வெட்டினால் அதுவும் தேய்ந்த பல்லாகத்தான் வரும். எந்த இரும்பு, எவ்வளவு பதம் என்பதும் தெரிய வேண்டும்.

பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் திறந்தார்கள். நல்ல காரியம். என் கோரிக்கை அதையொட்டியதே. ஒரு வண்டியின் உற்பத்தியை நிறுத்தும் நிறுவனம் அதன் பாகப் புத்தகத்தை, அதாவது பாக எண், பேரிங் எண், சீல் அளவு, கியர் பல் கணக்கு, இரும்பின் தரம் ஆகியவற்றை அந்தத் தளத்தில் போட்டுவிட வேண்டும் என்று அரசு விதி செய்யலாம். விற்காத வண்டியின் அளவைச் சொல்வதால் அவர்களுக்கு எந்த வியாபாரம் கெடும்? பிரேக், ஸ்டியரிங் பாகம் விற்பவர் டப்பாவில் பாக எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் போடாவிட்டால் கடையிலேயே பறிமுதல் செய்யட்டும்.

வரி கட்டாமல் ஓடுகிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். பதினைந்து வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டிவிட்டால் 2025இல் வந்த அறிவிப்பின்படி 10,000. கொடுக்கிறோம். கொடுக்கும் பணத்துக்கு வண்டியின் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் புகையையும் கறாராகச் சோதிக்கட்டும், தேறாத வண்டியை நிறுத்தட்டும். பிறந்த வருடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

டீசல் பம்பையும் நாசிலையும் நாங்கள் வீட்டில் தொடுவதில்லை. அது பெஞ்சில் வைத்து அளப்பவர் வேலை. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் இல்லை, கனமான மரக்கட்டை கொடுத்த பிறகுதான். மற்றபடி நட்டு முதல் கிளட்ச் வரை பார்த்துவிடுவோம்.

இதைப் படிப்பவர்களில் ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள் இருப்பார்கள். எம்.எம். 540இன் பழைய பாகப் புத்தகம் யாரிடமாவது பெட்டியடியில் கிடந்தால், தங்கள் அலுவலகம் வழியாகத் தகவல் சொன்னால் போதும். நேரில் வந்து வாங்கி, நகலெடுத்துக்கொண்டு, புத்தகத்தைப் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டக்காரர் ஒருவர்,
பூப்பாறை அருகே, இடுக்கி மாவட்டம்.