உன் கைக்கு எது பொருந்தும்

கண்ணம்மாவுக்கு,

நேற்று ஃபோனில் குட்டி அழ ஆரம்பித்ததும் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. சிநேகிதியின் பிஸ்டலை வாங்கி நான்கு தோட்டா சுட்டாய், கட்டைவிரல் இடுக்கு சிவந்துபோனது, ஐந்தாவதைச் சுட மனசு வராமல் திருப்பிக் கொடுத்துவிட்டாய். "எனக்கு இதெல்லாம் ஒத்துவராதும்மா" என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எனக்கும் அப்படியே நடந்தது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நாங்கள் ஹூஸ்டனில் கடை வைத்திருந்த காலம். ராத்திரி பதினோரு மணிக்குக் கல்லாப் பணத்தோடு நான் தனியாகக் கார் வரை நடக்க வேண்டியிருந்தது. அப்பா என்னைத் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே இருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லேடீஸுக்கு இதுதான்" என்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு 380 பிஸ்டலை எடுத்து வைத்தார். 380 என்பது அதில் போடும் தோட்டாவின் அளவு. பத்து அவுன்ஸ் கூட இருக்காது. பார்க்க அழகாக இருந்தது, வாங்கிவிட்டோம். ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், முதல் தோட்டாவுக்கே பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிய மாதிரி உள்ளங்கை எரிந்தது. மூன்றாவதுக்குள், விசையை அழுத்துமுன்பே கண் தானாக மூடிக்கொண்டது. எட்டு மாதம் அதை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, நான்தான் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னது, லேசானது என்றால் பெண்களுக்கு எளிது என்பது எத்தனை பெரிய தப்பு என்று அப்புறம்தான் புரிந்தது. அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், கைக்கு வரும் உதையின் சக்தி இரண்டு மடங்கு. பிடியும் குட்டையாக இருப்பதால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும், முழு உதையையும் இரண்டு விரல் தாங்கும். பல வருடம் பழகினவர்கள் கூட இந்தக் குட்டித் துப்பாக்கிகளை அதிக நேரம் சுட விரும்புவதில்லை. புதிதாகக் கற்கிறவள் கையில் அதைக் கொடுப்பது கொடுமை.

அலுமினியச் சட்டகம் போட்ட ஐந்து தோட்டா ரிவால்வரும் இதே கதைதான். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்துத் தோட்டா ஏற்றத் தேவையில்லை என்று அதையும் உன்னிடம் யாராவது தள்ளப் பார்ப்பார்கள். பதினைந்து அவுன்ஸ்தான் இருக்கும், நன்றாக உதைக்கும். விசையும் ஏறக்குறைய பன்னிரண்டு பவுண்டு அழுத்தம் கேட்கும். உன் விரலுக்கு அது வேண்டாம்.

380 என்று பெட்டியில் போட்டிருந்தாலே உதை குறைவு என்றும் நம்பாதே. வால்தர் பிபிகே போன்ற பழைய பிஸ்டல்களின் 'ப்ளோபேக்' அமைப்பில், ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்கும். அதனால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், கையிலும் வெடுக்கென்று அடிக்கும். குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால் வந்து, பிறகு பிரிகிற 'லாக்ட் பிரீச்' அமைப்பில் அதே தோட்டா மெதுவாகத் தள்ளும். கடையில் கேள், "லாக்ட் பிரீச்சா, ப்ளோபேக்கா?" என்று.

எனக்குக் கடைசியில் பொருந்தியது ஸ்மித் அண்ட் வெஸன் 380 ஷீல்டு ஈஸி. 2018-இல் வந்தது. பதினெட்டரை அவுன்ஸ், அதாவது என் முதல் பிஸ்டலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூட்டுவலி வந்த என் கட்டைவிரலாலேயே ஸ்லைடை இழுக்க முடிகிறது. தோட்டாவை அடுக்கிச் செருகும் மேகசினில் எட்டுத் தோட்டா, பக்கத்தில் இருக்கும் குமிழை விரலால் இறக்கிக்கொண்டே போட்டுவிடலாம், நகம் உடையாது. பிடியின் பின்பக்கத்தில் ஒரு சேஃப்டி இருக்கிறது. உள்ளங்கை அதை முழுசாக அழுத்தாவிட்டால் சுடாது. தளர்வாகப் பிடித்தால் அவசரத்தில் அதுவே காலை வாரும், அதனால் பிடியை நன்றாகப் பழக வேண்டும். ரூகர் செக்யூரிட்டி-380 இன்னும் கொஞ்சம் பெரியது, அதையும் சுட்டுப் பார். சிக் பி365-இல் 380 வகையும் உண்டு, உன் சின்னக் கைக்கு நன்றாக அமையலாம்.

9 எம்.எம். தோட்டா 380-ஐவிடப் பலம் கூடியது, தோட்டா விலையும் குறைவு. 380-இல் முனை விரியும் தோட்டா சில சமயம் போதிய ஆழம் போகாது என்பதும் உண்மை. ஆனால் நீ பயப்படாமல் ஐந்து தோட்டாவைக் குறி பிசகாமல் போட முடிகிற துப்பாக்கியே வேண்டும் என்பேன். ஒரு வருடம் பழகின பிறகு 9-க்கு மாறலாம், யாரும் தடுக்கவில்லை.

உன் பயத்தில் பாதி சத்தத்தால் வந்தது என்று நினைக்கிறேன். மூடின ரேஞ்சில், பக்கத்து லேனில் யாரோ ரைஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்றாயே, நெஞ்சே அதிரும். காதுக்குள் நுரை அடைப்பான், அதற்கு மேல் காதை மூடும் மஃப் என்று இரண்டும் போடு. வார நாளில் காலையில் போ, கூட்டம் இருக்காது. முதலில் உதை மிகக் குறைவான 22 என்ற சின்னத் தோட்டாவில் இருநூறு. பிறகுதான் 380. மேகசினில் நடுநடுவே உனக்குத் தெரியாமல் போலித் தோட்டா போட்டுத் தரச் சொல். அது வரும்போது வெடிக்காது, ஆனால் உன் கை முன்கூட்டியே கீழே அமுங்குவது கண்ணுக்குத் தெரியும். என் கை அமுங்கியதைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் சுடவே கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

ஸ்லைடை இழுக்கும் விதமும் ஒன்று இருக்கிறது. கையை நீட்டிக்கொண்டு இழுக்காதே. துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டு வந்து, முனை எதிரே பார்த்தபடி இருக்க, இடது கையால் ஸ்லைடை இறுகப் பிடித்து, வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளு. அம்மிக்கல்லைத் தள்ளுகிற மாதிரி உடம்பின் பலம் வந்துவிடும்.

துப்பாக்கியைக் கைப்பையில் வைக்கவே வைக்காதே. 2014 டிசம்பரில் ஐடஹோவில், கடைக்குப் போன ஒரு தாயின் பையிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை துப்பாக்கியை எடுத்துவிட்டது. அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனாள். துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் அறை உள்ள பை அது. நம் குட்டிக்கும் இப்போது இரண்டு வயது. விசையை முழுசாக மூடும் விறைப்பான ஹோல்ஸ்டரில் இடுப்பில் இருக்கட்டும், வீட்டுக்குள் வந்ததும் பூட்டுப் பெட்டிக்குப் போகட்டும். சுடத் தயாரான துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து, அது 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் டெக்சாஸில் அது குற்றமும்கூட.

மாப்பிள்ளை இன்னும் எச்-1பி வேலை விசாவில்தானே இருக்கிறார். அந்த விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. நீ குடியுரிமை பெற்றவள் என்பதால் உனக்குச் சிக்கல் இல்லை. ஆனால் பெட்டியின் எண் உனக்கு மட்டும் தெரியட்டும், ரேஞ்சிலும் அவரைச் சுட்டுப் பார்க்கச் சொல்லாதே. ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

2021 செப்டம்பரிலிருந்து இங்கே 21 வயதானவர்களில் பெரும்பாலோர் கைத்துப்பாக்கியை உரிமம் இல்லாமலே கொண்டு போகலாம். இருந்தாலும் நீ உரிமம் எடுத்துவிடு. எங்கெங்கே கொண்டு போகக்கூடாது என்பதை வகுப்பில் சொல்லித் தருவார்கள், சுட்டும் காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் நான் வருகிறேன். என் 22-ஐயும் 380-ஐயும் எடுத்து வருவேன். மற்றதை ரேஞ்சிலேயே வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கலாம். அதுவரை எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் எதையும் வாங்காதே. அப்புறம், அன்றைக்குக் கழுத்து மூடிய சட்டை போட்டுக்கொள். சுட்ட தோட்டாவின் சூடான வெற்றுக்கூடு தெறித்து உள்ளே விழும், எனக்கு இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

அம்மா