எங்கள் பையனுக்குக் கூட்டாளிகளைத் தேடித் தந்தவர்களுக்கு

மதிப்புக்குரிய தரம் 4 வகுப்பு டீச்சருக்கும், அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கும், ஓட்டோ அண்ணனுக்கும் மஸ்கெலியாவிலிருந்து ஒரு சித்தி எழுதும் நன்றி மடல்.

அக்கா குவைத்துக்கு வேலைக்குப் போனதால், கொழும்பு மட்டக்குளியிலிருந்து எங்கள் தோட்டத்து லயத்துக்கு வந்தவன் இவன். பாதி ஆண்டில் வந்த பிள்ளை. வகுப்பில் யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை, சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இடைவேளை முழுக்கக் குழாயடியில் நின்று போத்தலைக் கழுவிக்கொண்டே இருப்பானாம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கோயிலைச் சொன்னார்கள். கையில் கயிறும் ஏறியது.

டீச்சர், நீங்கள் அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் பக்கத்தில் உட்கார விருப்பம் என்று பிள்ளைகளைத் தனித்தனியே எழுதித் தரச் சொன்னீர்கள். இவன் பெயரை ஒருவரும் எழுதவில்லை என்பதை என்னிடம் மட்டும் சொன்னீர்கள். "வேண்டாம் என்று தள்ளப்படும் பிள்ளை வேறு, கண்ணிலேயே படாத பிள்ளை வேறு. இவன் இரண்டாவது. மற்றவர்களுக்குத் தேவையான ஏதாவது இவன் கையில் இருக்க வேண்டும்" என்றீர்கள்.

அதற்காகத்தான் ஆறுகள் பாடத்தைத் துண்டு போட்டீர்கள். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் முட்டிக்கொண்டபோது எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்த முறையாம். ஒவ்வொருவரிடமும் ஒரு பகுதிதான் இருக்கும். அடுத்தவர் சொல்வதைக் கேட்காமல் பாடம் முடியாது. ஒருத்திக்கு மகாவலி, ஒருவனுக்கு வளவை, இவனுக்குக் களனி. நம் மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி என்பதை யாரும் படித்துச் சொல்லலாம். அது கடலில் விழுவது இவன் பிறந்து வளர்ந்த மட்டக்குளிப் பக்கம். அந்த இடத்தைப் பார்த்தவன் அந்த வகுப்பில் இவன் ஒருவன்தான். "முதலை இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்கள். "முதலை தெரியாது, கபரகொய்யா இருக்கிறது" என்று சொல்லி, அந்தப் பெரிய நீர் உடும்பின் நீளத்தை மேசையில் அளந்து காட்டினானாம். மணி அடித்தும் அந்தக் குழு எழும்பவில்லை என்று நீங்கள் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

வகுப்புத் தலைவனை விட்டுவிட்டு, அதிகம் பேசாத, ஆனால் எல்லாருக்கும் பிடித்த ஒரு தம்பியை இவன் பக்கத்தில் உட்காரவைத்தீர்களே, அந்தக் கெட்டித்தனத்துக்குத் தனி நன்றி. தம்பி, உன் ரொட்டியும் கட்டச்சம்பலும் பாதிக்குப் பாதி எங்கள் வீட்டுப் பிள்ளையின் வயிற்றுக்குள் போவது எனக்குத் தெரியும். உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

விளையாட்டில் சேரவும் நீங்களே பழக்கினீர்கள். கெஞ்சிக் கேட்காதே, குறுக்கே ஓடாதே. ஓரமாக நின்று பார், பந்து உன் பக்கம் வந்தால் எடுத்து எறி, நல்ல அடிக்குக் கை தட்டு என்றீர்கள். இரண்டு கிழமை பந்து பொறுக்கியவன் இப்போது விக்கெட் காப்பாளன்.

ஓட்டோ அண்ணா, முன் சீட்டில் தனியே வந்தவனைப் பின்னால் பிள்ளைகளோடு நெருக்கி உட்காரவைத்தது நீங்கள்தான். அந்தச் சத்தத்தைத் தினமும் தாங்குவதற்கும் சேர்த்து நன்றி.

தைப்பொங்கலுக்கு எல்லாரும் எங்கள் லயத்துக்கு வர வேண்டும். எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேங்காய் விற்கிற விலை உங்களுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
பையனின் சித்தி