டிராயரில் இருந்த பேட்ஜ்

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் தேவலை. சின்னவள் பத்தாவது தேறிவிட்டாள். உன் மாமனார் வழக்கு முடிந்ததா, இன்னும் வாய்தாதானா?

விஷயம் வேறு. போன வாரம், எக்ஸ்ரேயில் பார்த்தபடி இதய ரத்தக்குழாயில் வேலை செய்கிற எங்கள் கேத் லேப் ஆட்களுக்கு மெடிக்கல் செக்கப். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்று 2004 கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதியில் இருக்கிறதே, அதுதான். ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், என் தொப்பையை டாக்டர் கிண்டல் செய்தார். வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருக்கிறதாம். இருக்காதா பின்னே? அது குறைய வேண்டுமானால் ஒரேயடியாக நிறையக் கதிர்வீச்சு வாங்க வேண்டும். நாம் வாங்குவது சொட்டுச் சொட்டாக.

இந்தத் தடவை கண் டாக்டர் ஒருவரும் வந்திருந்தார். சொட்டு மருந்து விட்டு ஸ்லிட் லேம்பில் பார்த்தவர், இடது கண்ணிலேயே நின்றுவிட்டார். லென்ஸின் பின்பக்கம் சின்னதாக ஒரு மங்கல். "சுகர் இருக்கா? ஸ்டீராய்டு எடுத்தீங்களா?" இரண்டும் இல்லை. "எங்கே வேலை?" சொன்னேன். அப்புறம், "டோஸ் ரிப்போர்ட் கொண்டு வாங்க" என்றார்.

கொண்டுபோனேன். உடம்பில் மாட்டும் பேட்ஜ் அளந்த கதிர்வீச்சுக் கணக்கு அது. பதினோரு வருஷம், காலாண்டுக்குக் காலாண்டு பூஜ்யம். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கென்ன மறைக்க? அதற்கு முன்னால் ஒரு காலாண்டு ரீடிங் கூடியதற்கு விளக்கக் கடிதம், விசாரணை என்று என்னை அலையவிட்டார்கள். அதிலிருந்து பேட்ஜுக்கு என் மேசை டிராயர்தான் வீடு. அது மட்டும் ஆரோக்கியமாக இருக்கிறது. நீ கதிர் வீசும் இரிடியத்தோடு குடித்தனம் நடத்துகிறவன், பேட்ஜும் அலாரமும் இல்லாமல் சைட்டில் காலே வைக்க மாட்டாய். சிரிக்காதே.

ஈய ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் மாட்டியிருந்தாலும் கண்ணுக்குப் போனதை அது சொல்லியிருக்காதுதான். இது ஆறுதலா, சாக்கா என்று எனக்கே தெரியவில்லை. கண் லென்ஸுக்கு வருஷம் 150 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வரை போகலாம் என்றிருந்ததை, ஐந்து வருஷச் சராசரியாக 20 போதும் என்று சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு 2011-லேயே சொல்லிவிட்டது. எங்களிடம் ஈய மூக்குக்கண்ணாடி ஒன்றே ஒன்று. அது பெரிய டாக்டருக்கு. கனமாக இருக்கிறதென்று அவரும் போடுவதில்லை. மேலே தொங்குகிற ஈயக் கண்ணாடித் தடுப்பை நானே எத்தனை தடவை இடைஞ்சல் என்று தள்ளிவிட்டிருக்கிறேன்!

மங்கல் வேறு காரணத்தாலும் வந்திருக்கலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்கிறார். படிப்பதற்கு இப்போது தொந்தரவில்லை. ராத்திரி எதிரே வரும் லாரி வெளிச்சம்தான் கூசுகிறது.

என்னைக் குடைவது அது இல்லைடா. புதிதாக வந்த இரண்டு பையன்கள் என்னைப் பார்த்தே பழகியிருக்கிறார்கள். நேற்று டிராயரைத் திறந்தால் மூன்று பேட்ஜ். என்னுடையதை எடுத்து மாட்டிக்கொண்டேன். மற்ற இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஆர்.எஸ்.ஓ.வுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். நீதான் எழுதித் தர வேண்டும். ஹாஸ்டலில் எல்லோருடைய பாட்டியையும் லீவு லெட்டரில் சாகடித்தவன் நீதானே. எனக்கு முதல் வரியே வரவில்லை.

உன் கண்ணைக் கடைசியாக யார் பார்த்தார்கள்? அதையும் எழுது.

அன்புடன்,
முருகேசன்