படத்தில் இருப்பது யார் தம்பி?

தம்பி,

நீ டேட்டிங் ஆப்பில் போட்டிருக்கிற படத்தை உன் தங்கச்சி காட்டினாள். அவளைத் திட்டாதே, நான்தான் கேட்டேன். பெண்ணை நீயே தேடிக்கொள்வதில் எனக்கும் அம்மாவுக்கும் வருத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் படத்தில் இருப்பது யார் என்றுதான் தெரியவில்லை.

முகத்தை இப்படி வெளுத்து வைத்திருக்கிறாயே! சிவப்பழகு கிரீம் விற்ற கம்பெனியே 2020இல் ஃபேர் என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டது, அதே வருஷம் வரன் தேடுகிற ஷாதி டாட் காமிலும் நிறத்தை வைத்துத் தேடுவதை நீக்கினார்கள், நீ இன்னும் ஃபில்டரை விடவில்லை. நேரில் வருகிறவள் முதல் நிமிஷமே கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் வேலை, சம்பளம் என்று நீ உண்மையாகவே சொல்வதையும் பாதிதான் நம்புவாள்.

கையை நீட்டி எடுக்கிற செல்ஃபியும் வேண்டாம். 12 அங்குலத் தூரத்தில் எடுத்தால் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நமக்கு இருப்பது குடும்ப மூக்கு, அதைக் கேமரா வேறு பெருசாக்க வேண்டுமா? ஐந்தடி தள்ளி நின்று யாரையாவது எடுக்கச் சொல்.

சரி, சட்டைக்கு வருகிறேன். மதுரைப் புது மண்டபத்தில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தவன் மகன் நீ, தோள் இறங்கிய சட்டையில் நிற்கிறாய். விலையை யாரும் பார்ப்பதில்லை, தோளைத்தான் பார்க்கிறார்கள், பார்ப்பது அவர்களுக்கே தெரியாது. தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவன் மாதிரி இருக்கும். இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், தோளைத் தொட வேண்டுமென்றால் கையையே பிரித்து ஏற்ற வேண்டும். அதனால் கடையில் முதலில் தோளைப் பார்த்து வாங்கு. பட்டனுக்கு நடுவே வாய் பிளக்கிற ஸ்லிம் ஃபிட்டைப் பெங்களூரிலேயே யாருக்காவது கொடுத்துவிடு. உன் நிறத்துக்கு வெள்ளையும் கரும்பச்சையும் நன்றாக எடுக்கும். சென்ட்டைக் கொட்டிக்கொள்ளாதே, நகத்தை வெட்டு, ஷூவைத் துடை.

இதெல்லாம் செய்தும் ஒருத்திக்கு உன்னைப் பிடிக்காமல் போகலாம், அது அவள் இஷ்டம், அதற்காக மறுபடி ஃபில்டருக்குப் போகாதே.

கரும்பச்சையில் நல்ல காட்டன் துணி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். கழுத்து, தோள், மார்பு, கை நீளம் எழுதி அனுப்பு. நீயே அளக்காதே, தோள் அளவு தப்பும், ரூமில் இருக்கிற பையனை டேப் பிடிக்கச் சொல்.

அப்பா