அந்தப் படம் கதிரியக்கம் இல்லைங்க, அலையோட உயரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல கடல்ல கலக்குற கதிரியக்கத்தைப் பத்தி நாலு பக்கக் கட்டுரை போட்டிருந்தீங்க. நம்ம வேலையைப் பத்தி யாரோ எழுதியிருக்காங்கன்னு சந்தோஷமா உக்காந்து படிச்சேன். மூணாவது பக்கத்துல "கடலில் கலந்த பிறகு அது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது"ன்னு ஒரு வரி. நாலஞ்சு தடவை படிச்சுப் பாத்தேன், நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனோன்னு. இருபத்திரெண்டு வருஷம் ஒரு ஆய்வுக்கூடத்துல கடல்தண்ணி சாம்பிள் அளக்குற வேலை பாத்து ஓய்வு பெத்தவ நான். அது எங்கிருந்து வந்ததுன்னு சொல்றதுதான் என் வேலையா இருந்துச்சு.

உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்ல, ஆனா அந்த நாலு பக்கத்துல இதைப் பத்தி ஒண்ணுமே வரல, அதனால சொல்றேன். 20 லிட்டர் கேன்ல தண்ணி புடிச்சு, ஃபில்டர் பண்ணி, ஆசிட் சேத்து, அணு உலை, அணுகுண்டுல இருந்து வர்ற சீசியத்தை மட்டும் புடிச்சு வச்சுக்கிற ரெசின் வழியா மெதுவா விடணும், அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டுனா சீசியம் நிக்காம ஓடிப்போயிரும். அப்புறம் அந்த ரெசினை ஜெர்மானியம் டிட்டெக்டர்ல வச்சு சுத்தி ஈயக்கட்டி அடுக்கி, அதுல இருந்து வர்ற காமா கதிரை ரெண்டு நாள் மூணு நாள் எண்ண விடணும். எந்த ஆற்றல்ல எத்தனை கதிர் வந்துச்சுன்னு காட்டுற ஸ்பெக்ட்ரத்துல 662 கேஇவி (ஆற்றலோட அலகு) கிட்ட பீக் வந்தா சீசியம்-137, 605-லயும் 796-லயும் வந்தா சீசியம்-134. ஒரே ஒரு கேனுக்கு இவ்வளவு பாடு. அந்த ரெண்டாவது சீசியம்தான் கைரேகை மாதிரி. 137-க்கு அரை ஆயுள், அதாவது பாதியாக் குறையுற காலம், 30 வருஷம், அதனால 1950, 60-கள்ல வெடிச்ச அணுகுண்டு சோதனையோட மிச்சம் இன்னும் பசிபிக்ல கன மீட்டருக்கு ஒண்ணு ரெண்டு பெக்கரல் (நொடிக்கு ஒரு அணு சிதையுறது ஒரு பெக்கரல்) இருக்கு. 134-க்கு ரெண்டு வருஷம்தான், பழசு எதுவும் மிச்சம் கிடையாது, பசிபிக் நடுவுல ஒரு கேன்ல அது தெரிஞ்சா 2011 மார்ச்ல சுனாமியால விபத்துக்குள்ளான ஜப்பானோட ஃபுகுஷிமா அணு உலையில இருந்து வந்ததுதான்னு தைரியமா சொல்லலாம்.

சும்மா சொல்லல. 2015 பிப்ரவரியில கனடா கரையில யூக்ளூலெட்ங்கற ஊர்ல சாதாரண ஜனங்க சேந்து எடுத்த தண்ணியில கன மீட்டருக்கு 1.4 பெக்கரல் சீசியம்-134, 5.8 பெக்கரல் சீசியம்-137 இருந்துச்சு. அமெரிக்காவுல வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிறுவனத்து கென் பெஸ்லர் குழு அளந்தது, அரசாங்கப் பணம் கிடைக்காம பொதுமக்கள் கிட்ட நிதி திரட்டி நடத்துன வேலை. ஃபுகுஷிமாவுல ரெண்டு சீசியமும் ஏறக்குறைய சரிசமமா வெளிய வந்துச்சு. 134 நாலு வருஷத்துல கரைஞ்சது போக 1.4 மிச்சம்னா ஆரம்பத்துல அஞ்சுக்குக் கொஞ்சம் மேல இருந்திருக்கணும், அப்ப 137-லயும் அஞ்சுக்குக் கொஞ்சம் கீழ ஃபுகுஷிமா பங்கு, மீதி ஒரு பெக்கரல் பழைய குண்டோடது. ஒரே கேன் தண்ணியில ரெண்டு காலத்துப் பாவத்தையும் தனித்தனியாப் பிரிச்சு வச்சிருக்காங்க. இதைப் போய் யாராலும் சொல்ல முடியாதுன்னு எழுதலாமாங்க? 2025 கணக்குக்கு அந்த 134 நூத்துல ஒரு பங்குக்கும் கீழ போயிருச்சு, அந்த நாலு வருஷத்துல ஓடி ஓடி அளந்து வச்சதாலதான் இன்னிக்கு நமக்குத் தெரியுது.

அந்த வரிக்குப் பக்கத்துலயே அரைப்பக்கத்துக்கு ஒரு படம். ஜப்பான் கிட்ட கறுப்பும் ஊதாவும், அப்புறம் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு பசிபிக் பூரா பரவி, கீழ "ஃபுகுஷிமா கதிரியக்கம் பரவிய பாதை"ன்னு போட்டிருக்கீங்க. அது அமெரிக்காவோட கடல், வானிலை அமைப்பான நோவா போட்ட 2011 சுனாமி படம். எங்க அலை எவ்வளவு உயரம் எழும்புச்சுன்னு காட்டுறது, ஓரத்துல அளவுகோல் சென்டிமீட்டர்ல இருக்கும். அந்த ஓரத்தை வெட்டிட்டு அச்சடிச்சிருக்கீங்க. அலை ஒரு நாளுக்குள்ள பசிபிக்கைத் தாண்டிரும், தண்ணி ஜப்பான் பக்கம் ஓடுற குரோஷியோ நீரோட்டத்துல கிளம்பிப் போயி கனடா கரை சேர மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. ரெண்டும் ஒண்ணா? பத்து வருஷத்துக்கும் மேல இந்தப் படம் தப்பான பேர்ல சுத்துது, எத்தனையோ பேர் மறுத்து எழுதியாச்சு, கடைசியில நம்ம பத்திரிகையிலயும் வந்துருச்சேன்னுதான் மனசு தாங்கல.

வேலைக்குச் சேந்த புதுசுல கப்பல்ல நான் ஒட்டுன லேபிள் ஒண்ணு உப்புத்தண்ணி பட்டு மை கரைஞ்சுபோச்சு, எந்த இடம், என்ன தேதி, எவ்வளவு ஆழம் எதுவும் படிக்க முடியல. எங்க சீஃப் ஒரு வார்த்தை திட்டல, 20 லிட்டரையும் என்னையே கடல்ல கொட்டச் சொன்னார். எங்க எடுத்ததுன்னு தெரியாத தண்ணிய வச்சு என்னம்மா சொல்ல முடியும்னு கேட்டார். அன்னிக்கு ராத்திரி அழுதேன். அளவுகோலை வெட்டின அந்தப் படத்தைப் பாத்ததும் அந்தக் கேன்தான் ஞாபகம் வந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லிடறேன், ரொம்ப நாளா உள்ளயே இருக்கு. ஒரு பத்திரிகைக்காரர் போன் பண்ணி, ஆபத்தா இல்லையா ஒரே வார்த்தையில சொல்லுங்கன்னார். கன மீட்டருக்கு ரெண்டு பெக்கரல்னு சொன்னேன், எழுதிக்கிட்டார், மறுநாள் லிட்டருக்கு ரெண்டுன்னு வந்துச்சு. ஆயிரம் மடங்குங்க! கூப்பிட்டுச் சொன்னா படிக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு பதில். உங்க கட்டுரையிலயும் நாலு இடத்துல வெறும் "பெக்கரல்"னு நிக்குது, எத்தனை தண்ணிக்குன்னே இல்ல. ஒரு லிட்டர் கடல்தண்ணியில இயற்கையாவே 12 பெக்கரல் பொட்டாசியம்-40 இருக்கு, கன மீட்டர்ல சொன்னா 12,000. இன்னொரு பக்கம் 2011 ஏப்ரல் தொடக்கத்துல ஃபுகுஷிமா உலை வாசல்ல சீசியம்-137 கன மீட்டருக்கு 6 கோடியே 80 லட்சம் வரைக்கும் போச்சு. இதுல எது சின்னது எது பெருசுன்னு அலகு போடாம வாசகர் எப்படித் தெரிஞ்சுக்குவாங்க? பயப்பட வேண்டிய இடத்துல பயப்படவும் முடியல, வேண்டாத இடத்துல நிம்மதியாவும் இருக்க முடியல. "கண்டறியப்படவில்லை"ன்னு ஆய்வுக்கூடம் எழுதுனா அந்தக் கருவி அளக்க முடியுற அளவுக்குக் கீழ இருக்குன்னு அர்த்தம், நீங்க அதை "சுத்தமாக இல்லை"ன்னு மாத்திட்டீங்க. 2023 ஆகஸ்ட் 24-ல இருந்து ஃபுகுஷிமாவுல கடலுக்கு விடுறாங்களே, அந்தத் தண்ணியில இருக்குற டிரிட்டியம்ங்கற கதிரியக்க ஹைட்ரஜன் எங்க ஜெர்மானியம் டிட்டெக்டருக்குத் தெரியவே தெரியாது, அதுக்குத் தண்ணியக் காய்ச்சி வடிச்சு வேற முறையில அளக்கணும். எதை வச்சு அளந்தாங்கன்னு சொல்லாம ஒரு அளவைப் போடவே கூடாது.

சருஹாஷி கட்சுகோ பேரு கூட அந்தக் கட்டுரையில வரல. 1954 மார்ச் 1 அன்னிக்குப் பசிபிக்ல பிகினித் தீவுல அமெரிக்கா வெடிச்ச குண்டுக்கு அப்புறம் பசிபிக் தண்ணிய அளந்த ஜப்பான்காரங்கள்ல முக்கியமான வேதியியல் விஞ்ஞானி அவங்க. அவங்க சொன்ன அளவுக்குச் சீசியம் இருக்கும்னு அமெரிக்காவுல நம்பல. 1962-ல அவங்களே ஸ்கிரிப்ஸ் கடல் ஆய்வு நிறுவனத்துக்குப் போயி அங்க இருந்த நிபுணரோட ஒரே தண்ணிய ஆளுக்கொரு முறையில அளந்து தன் கணக்கு சரின்னு நிரூபிச்சாங்க. எங்க டிட்டெக்டர் ரூம் சுவத்துல அவங்க படம் ஒட்டி வச்சிருந்தேன். யாராலும் முடியாதுன்னு நீங்க எழுதுனது அவங்க செஞ்ச வேலையையும் சேத்துத்தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி அலகு பத்தி ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்ல, பரவாயில்ல. இந்தத் தடவை கேக்குறது கொஞ்சம்தான். அந்தப் படம் சுனாமி அலையோட உயரம்னு அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல ஒரு திருத்தம் போடுங்க. இனிமே பெக்கரல்னு வர்ற இடத்துலெல்லாம் லிட்டருக்கா கன மீட்டருக்கான்னு சேத்துப் போடச் சொல்லுங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பாத்துச் சொல்ல ஆள் வேணும்னா நான் பாத்துத் தர்றேன், காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி